இரண்டாவது சேதி

சினிமாவுக்குக் கதை கொடுக்கப் போகிறவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. வயதானால் மனசு இளகும் என்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் என் மனசு இளகவே இல்லை, இளகிவிடாமல் நானும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன்.

அவர் அந்நியர் இல்லை. என் வீட்டுக்காரருடைய பெரியப்பா மகன். எனக்கு மூத்தார் முறை, பேச்சில் பெரிய மச்சான். முதலில் நாடகக் கம்பெனிகளைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைத்துவந்து ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசும் படம் வந்ததும் நாடகம் படுத்துவிட்டது. இவர் படுக்கவில்லை. கோயமுத்தூரிலும் சேலத்திலும் இருந்த படக் கம்பெனிகளுக்குக் கதை பிடித்துக் கொடுக்கும் ஏஜெண்டாகிவிட்டார். சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டிருப்பார். போடியிலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் கதை எழுதுகிறவர்கள் வெற்றிலைத் தட்டோடு அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். குடும்பத்தில் அவரை எல்லோரும் ஏஜெண்டு என்றே சொன்னோம். நானும் அப்படியே சொல்கிறேன். என் வாயில் வேறு பெயர் வந்தால் அச்சில் ஏற்ற முடியாது.

என் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் தலையில் காக்கா உட்கார்ந்துவிட்டால் அது சாவுக்கு அறிகுறி. தோஷம் கழிய ஒரு வழி உண்டு. அந்த ஆள் செத்துப்போனார் என்று நெருங்கிய சொந்தத்துக்குப் பொய்ச் சேதி சொல்லி அனுப்புவார்கள். சொந்தக்காரர்கள் உண்மை என்று நம்பி அழ வேண்டும். அவர்கள் கண்ணீர் விழுந்ததும் தோஷம் போய்விடும். உடனே பின்னாலேயே இரண்டாவது ஆள் போய், "சாகலை, காக்கா உக்காந்துச்சு, அதுக்காகச் சொன்னது" என்று உண்மையைச் சொல்லிவிடுவார்.

நான் சிறுமியாக இருந்தபோது என் தாய்மாமன் தலையில் காக்கா உட்கார்ந்தது. ராயப்பன்பட்டிப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு முதல் சேதி வந்தது. இரண்டாவது சேதி கொண்டுவந்த ஆளுக்கு முல்லையாற்றில் வெள்ளம், அக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் அம்மா சுற்றுவழியில் பாலம் ஏறி, மாரில் அடித்துக்கொண்டே அண்ணன் ஊருக்கு நடந்தாள். நானும் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் மாமா வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அம்மா நேரே போய் இரண்டு கையாலும் அவர் நெஞ்சில் அடித்தாள், அடித்துக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கூழ்ச்சட்டி உருண்டு போனது. அந்த முகத்தை நான் மறக்கவே இல்லை.

கல்யாணமாகிப் பழனிசெட்டிபட்டிக்கு வந்த பிறகு அதைத்தான் கதையாக எழுதினேன். ராயப்பன்பட்டி சிஸ்டர்களிடம் படித்ததால் எழுத்து ஓடும். என் வீட்டுக்காரர் தேனியில் பஞ்சு மண்டிக்குப் போனதும், அடுப்படியில் உட்கார்ந்து எழுதுவேன். ஒரு பெண், அவள் புருஷன் ஏலக்காய் மலைக்கு வேலைக்குப் போகிறான். நிலத்தின் மேல் கண் வைத்த மூத்தார், தம்பி தலையில் காக்கா உட்கார்ந்ததைச் சாக்காக வைத்து, அவன் மலைக் காய்ச்சலில் செத்துப்போனான் என்று அவளுக்கு முதல் சேதி அனுப்புகிறார். இரண்டாவது சேதியை அனுப்பவே இல்லை. அவள் வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி, நிலத்தையும் கொடுத்துவிடுகிறாள். ஒரு நாள் புருஷன் வந்து வாசலில் நிற்கிறான். அவள் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடிக்கிறாள். அது என் அம்மா அடித்த அடி.

முடிவுதான் எனக்குப் பிடித்த இடம். "காக்கா தோஷத்துக்குத்தானே சொன்னேன், ரெண்டாவது ஆளு வரலையா?" என்று மூத்தார் பூசி மெழுகுவார். அவள் ஊர் பார்க்க அவர் வாசலில் உட்கார்ந்து, உயிரோடு நிற்கிற அவருக்கே ஒப்பாரி வைப்பாள்.

என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "இது படமா வரணும்டி" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் சொன்னால் கிணற்றில் குதிக்கிற நல்ல மனிதர்.

இனி, அவர் சொல்லிக்கொடுத்த மரியாதை. ஏஜெண்டு அதை என் வீட்டுக்காரரை உட்காரவைத்துப் பாடம் எடுத்தார். கதை என்பது நம் வீட்டுப் பெண் மாதிரி. கம்பெனிக்காரர்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டார் பெண் வீட்டாராக நடந்துகொள்ள வேண்டும். அவருடைய சட்டம் எல்லாம் இதிலிருந்துதான் முளைத்தது. கதையை வெறுங்கையால் நீட்டக் கூடாது. தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, மூலைக்கு மூலை மஞ்சள் தடவி வைக்க வேண்டும். நல்ல வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுத வேண்டும். யுத்தக் காலம், தாள் கிடைக்கிறதே அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தில் பாதியைக் காலியாக விட்டேன். இன்னொரு பிரதி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. "ஒரே பொண்ண ரெண்டு வீட்டுக்குக் காட்டுறதா? தெரிஞ்சா கம்பெனிக்காரன் மூஞ்சியத் திருப்பிக்கிருவான்" என்றாராம். முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரைப் போடக் கூடாது. "பொண்ணு நெத்தியிலயா அப்பன் பேர எழுதி வைக்கிறோம்?" என்று கேட்டாராம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. கொடுத்த பிறகு கேட்கக் கூடாது. "பொண்ணு பாத்துட்டுப் போனவுக வீட்டுக்கு நாமளா போயி, என்னாச்சுன்னு கேப்பமா? பொறுத்துத்தான் இருக்கணும். கேக்குறது மரியாதை இல்ல." இதை அவர் மூன்று தடவை சொன்னதாக என் வீட்டுக்காரர் மூன்று தடவை வந்து சொன்னார்.

கதையைத் தாளில் கொடுப்பதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும் என்பதும் அவர் வழக்கம். அதற்கு வயிறு நிறைந்திருக்க வேண்டும், அவர் வயிறு. எங்கள் குடும்பத்தில் மூத்தாருக்கு முன்னால் தம்பி பெண்டாட்டி வந்து நிற்பதும் இல்லை, பேசுவதும் இல்லை. அதனால் அவர் வெளியறையில் இலை போட்டு உட்கார்ந்திருப்பார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று சொல்வேன். நடுவில் என் வீட்டுக்காரர் நின்று, நான் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை எனக்கும் எடுத்துச் சொல்வார். எல்லோர் காதிலும் எல்லாம் விழும். ஆனாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

"சேதி வந்தும் அவ அழுகலைன்னு சொல்லுங்க" என்பேன்.

"அவ அழுகலையாம்ணே."

"ஏன் அழுகலையாம்? ஈரக்கொல இன்னும் ரெண்டு வையி."

"ஏன் அழுகலைன்னு கேக்குறாக. ஈரலும் கேக்குறாக."

"பொணத்தக் காட்டுங்க, அப்பறம் அழுகுறேன்கிறா. பொணம் மலையிலயே பொதச்சாச்சுங்கிறாக. அப்பத்தான் அழுகுறா."

"பொணம் வேணுமாம்ணே."

"ஏலே, பொணம் எதுக்குடா அவளுக்கு?" என்று ஏஜெண்டு கேட்பார். என் கதை அந்த அறையைத் தாண்டுவதற்குள் கை கால் உடைந்து போகும். நானும் சளைக்காமல் மறுபடி எடுத்து நிமிர்த்தி அனுப்புவேன். புருஷன் வாசலில் வந்து நிற்கிற இடத்தைச் சொன்னபோது அவர் கண்ணைத் துடைத்தார். கோழிக்குழம்புக் கையோடு துடைத்ததால் மிளகாய் பட்டு இன்னும் அதிகமாகக் கண்ணீர் வந்தது. அதை நான் கதவிடுக்கில் பார்த்து, மனசு குளிர்ந்து போனேன். அந்தக் கண்ணீரை நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

ஒரே வருகையில் முடியவில்லை. பாதிக் கதையில் கை கழுவிவிட்டு, "மீதிய அடுத்த வாட்டி கேப்பம்" என்று போய்விடுவார். அடுத்த தடவைக்கு வேறு கோழி. எங்கள் வீட்டுச் சேவல் கூவுவது நின்று போனது. இத்தனை சமையலுக்கு ஒரு கை போதாது என்று எதிர்வீட்டு அக்கா வருவாள், அவள் நாத்தனார் வருவாள், தெருவில் இன்னும் நாலைந்து பேர் மசாலா அரைக்கவும் அடுப்பு ஊதவும் வந்து உட்கார்வார்கள். எதிர்வீட்டு அக்கா ஒப்பாரியில் கெட்டிக்காரி. அவள் எடுத்துக் கொடுக்காமல் எங்கள் தெருவில் எந்தப் பிணமும் கிளம்பியதில்லை. என் கதையில் அந்தப் பெண் புருஷனுக்கு வைக்கிற ஒப்பாரிக்கு வார்த்தையும் ராகமும் பிடித்துக் கொடுத்தவள் அவள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அரைகுறையாகக் கேட்டார். இந்தப் பக்கம் இத்தனை பெண்கள் முழுசாகக் கேட்டார்கள். ஏஜெண்டு அவர்களை எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

முடிவைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் சுளித்தது. "மூத்தவருக்கு உசுரோட ஒப்பாரியா? குடும்பப் படம்டா தம்பி. ஆளுக கல்ல விட்டு எறிவாக" என்றார்.

"அந்த எடம் இல்லாட்டிக் கதையே இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

"பாக்கலாம்னு சொல்றாக" என்று என் வீட்டுக்காரர் தானாகவே ஒரு பதிலைச் சொன்னார். ஏஜெண்டு ஏப்பம் மட்டும்தான் விட்டிருந்தார்.

நல்ல நாள் பார்த்து, மஞ்சள் தடவி, பெயர் போடாமல், இருந்த ஒரே பிரதியைத் தட்டில் வைத்துக் கொடுத்தோம். பெண்ணை அனுப்பி வைத்த வீடு மாதிரி இருந்தது. பிறகு காத்திருந்தோம். கேட்கக் கூடாதே. கல்யாண வீட்டில், காது குத்து வீட்டில் அவரைப் பார்க்கும்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பார், உடனே மூடிக்கொள்வார். மழைக்காலம் போய், அறுப்பும் போய், மறு மழைக்காலம் வந்தது.

மதுரையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, புதுப் படம் நன்றாயிருக்கிறது, பொம்பளைகளை அழவைத்து அனுப்புகிறான் என்று சொன்னார்கள். போனோம். எழுத்துப் போடும்போது, கதை என்று போட்டு, கீழே ஏஜெண்டு பெயர் வந்தது. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவில்லை. அப்போதும் நான், ஏதோ அவர் வேறு கதை எழுதியிருப்பார் என்றே நினைத்தேன். அவ்வளவு பைத்தியம் நான். பிறகு காக்கா வந்தது. முதல் சேதி வந்தது. "பொணத்தக் காட்டுங்க" என்று அந்த நடிகை கேட்டாள். எதிர்வீட்டு அக்கா பிடித்துக் கொடுத்த ஒப்பாரி வார்த்தை மாறாமல் வந்தது. புருஷன் வாசலில் வந்து நின்றான். அந்தப் பெண் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் அடித்தாள், சிரித்தாள், அழுதாள். கொட்டகையே விசும்பியது. நான் மட்டும் அழவில்லை. என் அம்மாவை ஒருவன் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டு வைத்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தான், அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடிவு வந்தது. "ரெண்டாவது ஆளு வரலையா?" என்று மூத்தார் கேட்டார். அவள் ஓடிப்போய் அவர் காலில் விழுந்தாள். அவர் ஆசீர்வாதம் செய்தார். சுபம் என்று போட்டார்கள்.

ஊருக்குத் திரும்பிய அன்றே என் வீட்டுக்காரரை அனுப்பினேன். ரொம்பக் கேட்கவில்லை, படத்தின் அடுத்த பிரதி போடும்போதாவது என் பெயரைப் போடட்டும், அல்லது ஊரில் ஒரு வார்த்தை, இது தம்பி பெண்டாட்டி கதை என்று சொல்லட்டும். ஏஜெண்டு கோபப்படவே இல்லையாம். வெற்றிலை போட்டுக்கொண்டே, "குடுத்த கதையப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்ல? இது மரியாதையாடா?" என்றாராம். "எழுத்துல பேரு இருந்துச்சா? இல்ல. வேற பிரதி இருக்கா? இல்ல. நம்ம வீட்டுப் பொம்பள பேர ஊரெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டுறதுக்கு நான் என்ன மானங்கெட்டவனா? அந்தக் கேவலம் உனக்கு வரக் கூடாதுன்னுதான் என் பேரப் போட்டேன். நீ எனக்கு நன்றி சொல்லணும்." என் வீட்டுக்காரர் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறார்! அதைக் கேட்டபோது கையிலிருந்த அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். இருவருக்கும் அது நல்லதாய்ப் போயிற்று.

விஷயம் கேட்டு எதிர்வீட்டு அக்கா கொதித்தாள். "வீரபாண்டி கோயிலுக்குப் போயி, அவரு வெளங்காமப் போகணும்னு காசு வெட்டிப் போடுத்தா. ஆத்தா பாத்துக்கிருவா" என்றாள்.

"ஆத்தாளுக்கு ஊரு வேலை நெறையக் கெடக்கு. இத நானே பாத்துக்கிறேன்" என்றேன்.

என்ன செய்வேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் நாள் தவறாமல் அவரை மனசுக்குள் வைத்து அரைத்தேன். அம்மியில் தேங்காய் அரைத்தால் அவர். உலக்கை போட்டால் அவர். அந்த வருஷம் எங்கள் வீட்டு அரிசி நன்றாகத் தீட்டியிருந்தது.

அப்புறம் அந்தப் படம் தேனிக்கு வந்தது. சந்தைக்குப் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே படுதா. பெண்கள் பக்கம் மணல் தரை. பின்னால் பெரிய மனிதர்களுக்கு நாற்காலி. கொட்டகைக்காரர் நோட்டீஸ் அடித்துவிட்டார்: கதை எழுதிய நம் ஊர்க்காரருக்கு முதல் ஆட்டத்தின் முடிவில் மாலை மரியாதை. நோட்டீஸை என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து கொண்டுவந்து, படிக்காமல் மேஜை மேல் வைத்துவிட்டுக் கை கால் கழுவப் போனார். நான் படித்தேன். மரியாதை என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சந்தை நாளன்று சாயங்காலமே எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் போய், திரைக்குப் பக்கமாக மணலில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். எழுத்தில் அவர் பெயர் வந்தபோது அக்கா என் தொடையைக் கிள்ளினாள். "இப்ப இல்ல" என்றேன். படம் ஓடியது. கோழிக் குழம்புக்கு மசாலா அரைத்தவர்கள் எல்லோரும் அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த பெண்கள், "ஏத்தா, முன்னாடியே பாத்துட்டீகளா?" என்று கேட்டார்கள். "பாக்கல. கேட்டிருக்கோம்" என்றாள் அக்கா. ரீல் மாற்றுகிற ஒவ்வொரு இடைவேளையிலும் அந்தப் பேச்சு பெண்கள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவியது. கதை எந்த அடுப்படியில் பிறந்தது, எத்தனை சேவல் போயிற்று, முடிவு உண்மையில் என்ன என்றெல்லாம்.

கதாநாயகி மூத்தார் காலில் விழுந்தாள். சுபம் போட்டு விளக்கு எரிந்தது. கொட்டகைக்காரர் ஏஜெண்டை முன்னால் அழைத்துவந்து வெள்ளைத் திரைக்கு எதிரே நிறுத்தி, கனமான ரோஜா மாலையைக் கழுத்தில் போட்டார். கோட்டுக்கு மேல் மாலை. கை இரண்டும் கும்பிட்டபடி. முகத்தில் அசைவில்லாத சிரிப்பு. வெள்ளைத் துணி இருந்தது, மாலை இருந்தது, கூட்டம் இருந்தது. அழுவதற்கு வேறு என்ன வேண்டும்?

நான்தான் முதலில் எடுத்தேன். என் குரலை வெளி ஆண்கள் கேட்டது அன்றைக்குத்தான்.

"கோழி அடிச்சு வச்சேன், கொழம்பு கூட்டி வச்சேன்,
தின்ன வாயி ஈரம் காயலையே, எங்க பெரிய மச்சானே,
கதையத் தின்னுபுட்டுக் கண்ண மூடிட்டீகளே!"

அக்கா அடுத்த அடியைப் பிடித்துக்கொண்டாள். மாரில் கை விழுந்தது.

"ஊரு வீட்டுப் புள்ளைக்கு ஒங்க பேரச் சூட்டினீகளே,
பேரச் சூட்டிப் பாத்தமட்டும் போதுமின்னு போனீகளோ!"

எங்கள் தெரு முழுக்க மாரடித்தது. பிறகு பின்னால் இருந்தவர்கள் சேர்ந்தார்கள். போடியிலிருந்து சந்தைக்கு வந்தவர்கள், வீரபாண்டிப் பெண்கள், எங்களை யாரென்றே தெரியாதவர்கள்கூடச் சேர்ந்தார்கள். அவர்களெல்லாம் அந்தப் பெண் காலில் விழுந்ததைப் பொறுக்காமல் இருந்தவர்கள். கைக்கு வேலை கிடைத்ததும் அடித்தார்கள். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். ஏஜெண்டின் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்திலேயே இருந்து, பிறகு எங்கே போவது என்று தெரியாமல் போனது. மாலையைக் கழற்றப் பார்த்தார். அது கோட்டுப் பொத்தானில் மாட்டிக்கொண்டது.

கொட்டகைக்காரர் ஓடிவந்தார். "என்னம்மா இது? நல்ல மனுசன் உசுரோட நிக்கிறாரு, அவருக்கு மாரடிக்கிறீக! அபசகுனம்!"

நான் எழுந்தேன். மூத்தாருக்கு முன்னால் நின்றேன். நடுவில் எடுத்துச் சொல்ல அன்றைக்கு யாரும் தேவைப்படவில்லை.

"கோவிச்சுக்கிராதீக. எங்க பெரிய மச்சான் தலையில காக்கா உக்காந்துருச்சுன்னு கேள்விப்பட்டோம். நெருங்குன சொந்தம் நாங்க அழுகாட்டி யாரு அழுகுறது? தோசம் கழியட்டும்னுதான் அழுதோம். இவ்வளவு நேரம் படத்துல பாத்தீகள்ல?"

பிறகு ஆண்கள் பக்கம் யாரோ சிரித்தார். அது கொட்டகை முழுக்கப் பற்றிக்கொண்டது. எதிர்வீட்டு அக்கா தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு, "கதையச் சொன்னவ இந்தா நிக்கிறா! அரைச்சு ஊத்தினவுக நாங்க இத்தன பேரு இருக்கோம்! வேணும்னா முடிவு என்னன்னு எங்கள்ல யாரையும் கேளுங்க, படத்துல வராத முடிவு!" என்று கத்தினாள். ஏஜெண்டு கொட்டகைக்காரரைப் பார்த்தார். கொட்டகைக்காரர் என்னைப் பார்த்தார். நாற்காலியில் இருந்த பெரிய மனிதர்கள் செருப்பைத் தேடினார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆத்தா, அப்ப ரெண்டாவது சேதி எப்ப?"

"வரும்போது வரும்" என்றேன்.

மறுநாளிலிருந்து அது ஊர்ப் பேச்சாகிவிட்டது. அவர் கம்பத்துக்குப் பஸ் ஏறினால், "அண்ணே, சேதி வந்துருச்சா?" என்று கண்டக்டர் கேட்பார். டீ குடிக்கப் போனால் கடைக்காரர் கேட்பார். சலூனில், தலையைத் தொடுவதற்கு முன்னால் கேட்பார்கள். படம் சின்னமனூருக்குப் போனது, உத்தமபாளையத்துக்குப் போனது. போன ஊரிலெல்லாம் சுபம் போட்டதும் பெண்கள் தங்களாகவே மாரடித்தார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, சந்தை எல்லா ஊருக்கும் பொது. வெற்றிலைத் தட்டுகள் அவர் வாசலுக்கு வருவது நின்றது. கோட்டையும் விட்டுவிட்டார். கேட்டுக் கேட்டு எனக்குச் சலிக்கவே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து ஒரு முற்பகலில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டு இல்லை, முகம் வற்றியிருந்தது, வெளியறையில் பழைய இடத்தில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பழைய இடத்தில் நின்றேன். இலை போடவில்லை.

"தம்பி, எனக்கு ஒடம்பு சரியில்லடா. ராத்திரியில தூக்கம் வரல. காதுல அந்த ஒப்பாரியே கேக்குது. உசுரோட இருக்கிறவனுக்கு வச்ச ஒப்பாரி சும்மா விடாதுங்கிறாக. உன் பொண்டாட்டிய ரெண்டாவது சேதியச் சொல்லச் சொல்லு. நாலு பேருக்கு முன்னாடி, அவரு சாகலைன்னு ஒரு வார்த்த. அது போதும்."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "ரெண்டாவது சேதி எப்பன்னு கேக்குறாக."

"கதை யாரோடதுன்னு நாலு பேருக்கு முன்னாடி சொல்லுவாகளான்னு கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். ரொம்ப நேரம் காத்தேன். அடுப்பில் உலை கொதித்து வழிந்து நெருப்பில் விழுந்தது. சாவுக்குப் பயந்து வாசல்படி ஏறிய மனிதருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை. கடைசியில், "அதெல்லாம் எதுக்குடா இப்ப? நீ சேதிய மட்டும் கேளு. எப்பத்தான் சொல்லுவா?" என்றார்.

"எப்பச் சொல்லுவேன்னு கேக்குறாக" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாமளா கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. பொறுத்துத்தான் இருக்கணும். கேக்குறது மரியாதை இல்ல."

என் வீட்டுக்காரர் திரும்பினார். என் வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவர் என் வார்த்தையை ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல், கை கால் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ஏஜெண்டு அதற்குப் பிறகும் பல வருஷம் நன்றாகவே இருந்தார், பேரன் பேத்தி எடுத்தார். நிஜமாகவே போய்ச் சேர்ந்தபோது முறைப்படி எனக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார்கள். நான் போய், மற்றவர்களோடு உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அக்கா என்னைப் பார்த்தாள். அழுகை வரவில்லை, அவருக்குச் சேர வேண்டியதை நான் முன்னாலேயே அழுதுவிட்டேன்.